இருபத்துமூன்றாவது கிலோமீட்டர்

மெர்ரன் அந்தப் பழைய சைக்கிள் மீட்டரைக் கேபிளில் மாட்டி லேப்டாப்பில் சொருகினாள்.

போன வழி, வேகம், ஏறிய மேடு, நின்ற நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கும் மீட்டர். பொத்தான் ஒன்று உடைந்து டேப் ஒட்டியிருந்தது. சார்ஜ் நாலு மணி நேரம் நின்றாலே அதிகம். புதுசு வாங்கலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கணவன் வாரன் கேட்பதாயில்லை.

அதனால் சொல்லாமலே வாங்கிவிட்டாள். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றி, அவன் வருவதற்குள் சைக்கிளில் பொருத்திவிட வேண்டும். பின்பக்கப் படிக்குப் பலகை வாங்கி வருகிறேன் என்று இருட்டோடு காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

திரையில் பயணங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

போன செவ்வாய். மலை உச்சிவரை ஏறினேன், மேலே பனி கொட்டிக் கிடக்கிறது என்று அன்றைக்குச் சொல்லியிருந்தான். திரையில் இருந்த ஏற்றம் நூற்றுச் சொச்சம் மீட்டர். மலை ஆயிரத்து இருநூறுக்கும் மேல்.

மீட்டர் பழுது என்று நினைத்தாள்.

அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததை. சிக்னெட், ஹுவான்வில் என்று அவன் வாய் நிறையச் சொன்ன ஊர் எதுவும் வரைபடத்தில் இல்லை. பிப்ரவரியிலிருந்து எழுபத்தோரு பயணம், எல்லாம் ஒரே கோடு. டரூனாவில் வீட்டிலிருந்து கிளம்பி, ஹோபார்ட்டைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய சைக்கிள் பாதையில் கிளேர்மான்ட் வரை. இருபத்துமூன்றாவது கிலோமீட்டரில் ஒரு தெருமுனையில் நின்றுவிடுகிறது.

முதல் வாரம் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறான். ஏப்ரலில் இருபது. இந்த ஜூன் குளிரில் நாற்பது.

அக்கா ஹெதரைப் போனில் கூப்பிட்டாள். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது, யாராவது பொம்பளையாக இருக்குமோ என்று கேட்டுவிட்டாள்.

"பொம்பளையா? வாரனுக்கா?" ஹெதர் வாய்விட்டுச் சிரித்தாள். "ஹெல்மெட்ட கழட்டினா மண்டையில நாலு முடி. எவடி அவன சேத்துக்குவா? நீயே ஏதோ பாவம்னு வச்சிருக்க. சரி, எந்தத் தெரு, சொல்லு."

மெர்ரன் வரைபடத்தைப் பெரிதாக்கினாள்.

"வாட்டில் தெரு."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் வந்த ஒரு கடித உறையின் பின்புறம் அந்தத் தெருப்பெயரைப் பார்த்திருக்கிறாள். அந்த டிரைவரின் அம்மா எழுதியது, மன்னிப்புக் கேட்டுத்தான் இருக்கும். பிரிக்காமலே அடுப்பில் போட்டாள்.

ஹெதரின் சிரிப்பு நின்றிருந்தது.

"அந்தப் பயல வெளிய விட்டுட்டாங்கடி. பிப்ரவரியில. அம்மா வீட்டுலதான் இருக்கானாம். வாரன் உங்கிட்ட சொல்லலயா?"



மகள் பிரியோனி சாகும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சைக்கிளுக்குப் பின்னால் வந்து இடித்தவன் வண்டியை நிறுத்தவே இல்லை. இந்த மீட்டர் அவளுடையது. போலீஸ் திருப்பிக் கொடுத்ததை வாரன் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டான். பட்டியலின் அடியில் மகள் போன பயணங்களும் அப்படியே இருந்தன.

நேற்றைய பயணத்தைத் திறந்தாள்.

காலை ஆறு ஐம்பதுக்குப் புள்ளி தெருமுனையை விட்டு நகர்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர். சைக்கிள் போகிற வேகமில்லை அது. நடந்து போகும் ஒருவனைப் பின்தொடர்கிற வேகம். ஆற்றங்கரைச் சாலையில் நடைபாதை இல்லாத ஒரு வளைவு வருகிறது. அந்த வளைவில் மட்டும் வாரன் நான்கு முறை போய்த் திரும்பியிருக்கிறான்.

சுவரில் மணி ஆறு நாற்பத்தாறு.

"மெர்ரன், வாரன் எங்க இப்ப? அவனுக்கு உடனே போன் போடு. கேக்குதா?"

"இல்ல ஹெதர். தப்பாப் படிச்சிட்டேன். இது வேற தெரு."

"நெசமாவா?"

"கண்ணாடி போடல. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டு வாரனின் பெயர்மேல் விரலை வைத்தாள். ஆறு நாற்பத்தேழு. ஆறு நாற்பத்தொன்பது. ஐம்பது.

விரல் அழுத்தவில்லை.

எல்லாம் புதியதற்கு மாறிவிட்டது, பழையதில் இருப்பவற்றை அழிக்கவா என்று திரை கேட்டது. ஒன்றிரண்டைப் பொறுக்கி அழிக்க அந்த மீட்டருக்குத் தெரியாது. அழித்தால் எல்லாம்.

அடிவரை இறங்கிப் போனாள். பிரியோனியின் கடைசிப் பயணம், பதினான்கு கிலோமீட்டர். கோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. அதை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு அழித்தாள். புதியதிலிருந்தும் அழித்தாள்.

ஏழரைக்குக் கார் வந்தது. மெர்ரன் வெளியே போய் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் பலகையும் இல்லை.

வாரன் இறங்கி, ஈரப் படியில் உட்கார்ந்தான்.

"முடியல மெர்ரன். நாய்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே எதிர்ல வந்தான். என் காலு பிரேக்குக்குத்தான் போகுது."

அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவன் அழுது ஓயும்வரை அப்படியே நின்றாள். பிறகு அவன் விரல்களிலிருந்து கார் சாவியை மெல்ல எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போதும். உள்ள போய் சூடா டீ குடி."

அவன் எழுந்து கதவருகே போனதும் கேட்டாள்.

"நாளைக்கும் அதே நேரத்துக்குத்தான வருவான்?"