தடுக்காத பந்து

திண்டிவனத்தில் நடந்த இறுதிப் போட்டியில், எதிரணி பெனால்டி உதைத்ததும் விழுப்புரம் கோல்கீப்பர் இருதயசெல்வி பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்து வலைக்குள் போனது. அணி தோற்றது. 

பயிற்சியாளர் லூசியா ஒரு மனப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். "கண்ணை மூடிக்கினு அதே பந்தைப் புடிக்கிற மாதிரி தெனமும் நெனைச்சுப் பாரும்மா."

நினைத்துப் பார்த்தாள். ஒரு நாள் மனதுக்குள் பந்து நழுவாமல் கைக்கு வந்தது. மறுநாள் மைதானத்தில், அந்த இறுதிப் போட்டியில் அவள் பெனால்டியைத் தடுத்துக் கோப்பை வாங்கித் தந்ததைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். லூசியாவின் மேசைமேல் கோப்பையும் இருந்தது.

"நான் புடிக்கலையே மிஸ்."

"ரொம்பத்தான் அடக்கம் உனக்கு" என்று லூசியா சிரித்தார்.

அடுத்த வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், அன்று பந்தை உதைத்த கலைப்பிரியாவைப் பார்த்தாள்.

"நீங்க புடிச்சிட்டீங்க இல்லக்கா, அதோட என்னை டீம்லேருந்து எடுத்துட்டாங்க. இப்ப ஒலக்கூர்ல அப்பாகூட நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருக்கேன்."

இருதயசெல்வியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடி, அந்தப் பந்தை வலைக்குள் விட்டுவிட முயன்றாள். விலகி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பந்து அவள் இருந்த பக்கமே திரும்பி, நெஞ்சில் வந்து மோதி நின்றது.