ரொட்டிக் கடை நின்ற இடம்

ஸ்பெயின் தேசத்து ஊர் ஒன்றில் ஒரு பேராலயம் இருந்தது. அதன் சுவர்வரை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வரிசையின் கடைசியில், ஆலயத்தின்மேல் சாய்ந்தபடி ஒரு ரொட்டிக் கடை. விடிந்தால் போதும், கோபுரத்து மணியான கிளாராவின் முகத்தில் அது புகையை ஊதும்.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்" என்று சிடுசிடுப்பாள் கிளாரா.

"எங்கே போவேன் அம்மா, இடமில்லையே" என்று கடை சிரிக்கும்.

ஒரு கோடைப் பகலில் தெருக்கோடியில் தீப்பிடித்தது. காற்று வேறு. நெருப்பு வீடு வீடாகத் தாவி வந்தது. ஆலயத்துக்கோ மரக்கூரை.

"கிளாரா, பலமாக அடி! ஊரைக் கூப்பிடு" என்றது கடை. "வந்து என்னை இடிக்கட்டும். நான் இல்லாவிட்டால் தீ உன்னிடம் வர வழியில்லை."

"உன்னை இடிக்கவா நான் ஆள் கூப்பிடுவேன்?"

"அழ நேரமில்லை அம்மா. அடி!"

கிளாரா அழுதுகொண்டேதான் அடித்தாள். ஜனங்கள் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். ரொட்டிக்காரர் ரமீரோவே முதல் கயிற்றைக் கட்டினார். கடை முரண்டு பிடிக்கவில்லை. யார்மேலும் ஒரு கல் விழாமல் உள்பக்கமாகச் சரிந்தது. தீ அந்த வெற்றிடத்தின் ஓரம்வரை வந்து, தாண்டமுடியாமல் அடங்கியது.

அதன்பின் அங்கே யாரும் எதையும் கட்டவில்லை. எரிந்த மனைகளையும் சேர்த்துக் கல் பாவினார்கள். அதுதான் இன்றைய சதுக்கம்.

வெளியூர்க்காரர்கள் அங்கே நின்று அண்ணாந்து பார்த்து, "அடடா, என்ன கம்பீரம்!" என்பார்கள்.

கிளாரா அவர்கள் நிற்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.