அழுகிற மூஞ்சி

“செத்தவருக்குப் போய் சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கீங்களே அண்ணா, இன்னா இது?”

ஹரிணி நீட்டிய போனை இருதயராஜ் குனிந்து பார்த்தார். சூப்பர்வைசர் கோபிநாத் முந்தாநாள் ஆம்பூர் பைபாஸில் பைக் விபத்தில் இறந்துபோனான். முப்பது வயதுதான். ஷூ கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் படத்துக்குக் கீழே எல்லோரும் கைகூப்பியிருக்க, இருதயராஜ் மட்டும் கண்ணில் நீர் தெறிக்க விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சியைப் போட்டிருந்தார்.

“கண்ணுல தண்ணி இருக்குதே மேடம்” என்றார் மெதுவாக.

“பார்த்தீங்களா சார்?” ஹரிணி மேனேஜர் லியாகத் அலியிடம் திரும்பினாள். “அழுவுறதுன்னு நெனச்சுட்டார். எனக்கு வேலை கிடைச்சதுக்கு எங்க பெரியப்பாவே அழுவுற மூஞ்சிதான் அனுப்பினார்.”

ஐம்பது தாண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எல்லா மூஞ்சியும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. ஹெச்.ஆர். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு பெரியவர் வயிற்றில் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“பசங்க பேஜார் பண்றாங்கம்மா. இவரை வேலையை விட்டு அனுப்பலன்னா மிஷின்ல கை வைக்க மாட்டாங்களாம்” என்றார் லியாகத் அலி.

“ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் சார் இருக்கு. தெரியாம செஞ்சதுன்னு எழுதிடலாம். பசங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவர் யோசித்தார். சரியென்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். ஒரு வேலையைக் காப்பாற்றிய பெருமை ஹரிணிக்குத் தாங்கவில்லை.

“போனைக் குடுங்கண்ணா, எந்த மூஞ்சி எதுக்குன்னு சொல்லித் தர்றேன். வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?”

“வீட்ல இப்ப யாரும் இல்ல மேடம்.”

வாட்ஸ்அப்பைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, கீழிறங்காதபடி பின் செய்து வைத்திருந்தது கோபிநாத்தின் பெயர். இவ்வளவு பாசமா என்று தொட்டுப் பார்த்தாள். பேச்சு ஜனவரியோடு நின்றுபோயிருந்தது.

‘சார், சம்சாரத்துக்கு மூச்சு வாங்குதாம். அர்ஜண்ட். கேட் பாஸ் குடுங்க சார்.’ பக்கத்தில் அழுகிற மூஞ்சி. சரியான மூஞ்சிதான்.

அதற்குக் கோபிநாத்தின் பதில்: ‘ஆக்டிங் சூப்பர்ணா. ஷிப்மென்ட் முடிச்சுட்டுப் போங்க.’ கூடவே, கண்ணில் நீர் தெறிக்க விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி.

ஹரிணி நிமிர்ந்தாள்.

இருதயராஜ் கையை நீட்டினார். “போனைக் குடும்மா. அவளை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கே, அது இன்னா மூஞ்சின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்.”