புயல் மாசம்

“அந்தத் தீவுக்கு ஜனவரிதான் பெஸ்டுங்கம்மா. கரீபியன் கடல் அப்ப அமைதியா இருக்கும், வானம் பளிச்சுனு இருக்கும்” என்றாள் டிராவல்ஸ் பெண்.

“செப்டம்பருக்கே போட்டுடு” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள்.

“அது புயல் சீசனாச்சே!”

“தெரியும்.”

மலிவு டிக்கெட்டுக்கு ஆசைப்படுகிறாள் என்று பெண் உள்ளுக்குள் சலித்துக்கொண்டாள். “ஃபிளைட் கேன்சலானா ஒரு வாரம் அங்கேயே மாட்டிக்குவீங்க.”

“ஒரு வாரமா!” அம்மாளின் முகம் மலர்ந்தது.

“என் பையன் அங்க ஓட்டல்ல வேலை பார்க்கிறான். போன ஜனவரியில போனேன். நல்ல சீசன், அவனுக்கு நிக்க நேரமில்ல. நடுராத்திரி வந்து படுப்பான், விடியுமுன்ன ஓடிடுவான். இருந்த நாளெல்லாம் தூங்குற முகத்தைத்தான் பார்த்துட்டு வந்தேன்.”

பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

“ஏம்மா, புயலடிச்சா ஓட்டலை மூடிடுவாங்கதானே?”