யார் துடைத்த செயின்?

"உன் சைக்கிளை நான் எதுக்குத் தொடப் போறேன்? அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்றான் பென்சன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஜெயசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமையானால் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறீர்களே, எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா என்று கணவனிடம் ஆசையாகக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது.

அன்றைக்கு அவன் அப்படிச் சொன்னது நிஜம்தான். அவளுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை கிடைத்தபோது, ஓசூரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. பேச்சு முற்றி, லைன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் பார்க்க, "வேலைக்குப் போறவ உன் சைக்கிளையும் நீயே பாத்துக்க. இனிமே அதுல என் கை படாது" என்று சொல்லிவிட்டான்.

மகள் பெனிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் அது. அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அம்மாவின் கைக்கு வந்தது. விடியற்காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவாள் ஜெயசெல்வி. திரும்பி வர இருட்டிவிடும்.

சண்டைக்குப் பிறகு வீட்டில் பேச்சே நின்றுபோனது. சைக்கிள் செயின் காய்ந்துபோய், மிதிக்கு மிதி கிறீச்சிட்டது. அவளும் வீம்புக்கு எண்ணெய் போடவில்லை. ஒரு கட்டத்தில், ராயக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று புடவைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து மிதித்தால் சத்தமே இல்லை. இறங்கித் தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். அழுக்கெல்லாம் போய்ச் செயின் பளபளத்தது. தொட்ட விரலில் புது எண்ணெய் ஒட்டியது. பென்சன் வேலை பார்க்கும் லேத் பட்டறை ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே இருந்தது. வேறு யார் செய்திருக்க முடியும்? வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மனுஷன் கையால் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி புடவைகள் அலமாரிக்குத் திரும்பின. அவனுக்குப் பிடித்த கருவாட்டை வறுத்து வைத்தாள். "நல்லாருக்குது" என்றான். அந்த ஒரு சொல்லில் மறுபடி பேச்சு தொடங்கியது. அவர்கள் தெருவின் புழுதியில் வாரம் முழுக்கச் செயின் கறுத்துப்போகும். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி மின்னும்.

இப்போது அவன் நான் இல்லை என்கிறான். அப்படியானால் யார்?

கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் மணிமேகலையிடம் சொன்னாள். யாரோ உனக்குத் தூண்டில் போடுகிறார்கள் என்று அவள் கேலி செய்தாள். இது பென்சன் காதுக்குப் போனால், ஒட்டிய குடும்பம் மறுபடி பிரிந்துவிடும் என்று பயந்தாள் ஜெயசெல்வி. ஸ்டாண்டுக்கார நாராயணப்பனைக் கேட்டாள். இத்தனை வண்டியில் எதை யார் துடைக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டா இருக்க முடியும் என்று எங்கோ பார்த்தபடி சொன்னார் அவர்.

அந்தச் சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டாள். வழக்கம்போல் சைக்கிளை விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் நின்றாள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ் கூட்டத்தை இறக்கியது. அதில் கம்பெனிக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நேராக வந்து, அவள் சைக்கிளின் பூட்டைச் சாவி போட்டுத் திறந்தாள்.

ஜெயசெல்வி ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, யார் வண்டிய எடுக்குற?"

"என் வண்டியத்தான்க்கா எடுக்குறேன்."

அவள் பெயர் ராசாத்தி. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டில் விட்டிருக்கும் சைக்கிளில் ஓசூர்க் கம்பெனிக்குப் போய், சாயங்காலம் மறுபடி அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவள். அவளுடையதும் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வண்டிதான். அதே நிறம், அதே கூடை. அந்தத் தேய்ந்த பூட்டு இரண்டு சாவிக்கும் திறந்தது. ராசாத்தி செயின் மூடியில் கீறியிருந்த மகனின் பெயரைக் காட்டினாள். ஜெயசெல்வி இதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

"அப்ப நீங்கதானாக்கா? சனிக்கிழம சனிக்கிழம கம்பெனியில கெரசின் போட்டுத் தொடச்சு எண்ண விடறேன். ராத்திரியெல்லாம் ஸ்டாண்டுல நிக்கிற வண்டிக்கு எங்கிருந்து இவ்ளோ புழுதி வருதுன்னு எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்."

ராசாத்தி சிரித்தாள். ஜெயசெல்வியால் சிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் தெரியாமல் அடுத்தவள் வண்டியை ஓட்டிய வெட்கம் ஒரு பக்கம். பையிலிருந்து எடுத்து வைத்த புடவைகளும் வறுத்த கருவாடும் நினைவுக்கு வந்த ஏமாற்றம் இன்னொரு பக்கம். பென்சன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அவன் கை படவே இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு நாராயணப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க வண்டி பின்னால நிக்குதேம்மா."

கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றது அவளுடைய சைக்கிள். சீட்டிலும் கூடையிலும் தூசி படிந்திருந்தது. ஆனால் செயின் மட்டும் புதிது போல் பளபளத்தது.

"இதை யாருங்க தொடச்சது?"

நாராயணப்பன் தயங்கினார். "இனிமே மறைச்சு என்னம்மா ஆவப்போவுது? வாரம் தவறாம உங்க வீட்டுக்காரருதான் வந்து தொடச்சு எண்ண போட்டுட்டு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிட்டுப் போறாரு."