பூவிழி எடுத்த முடிவு

செஸ் போட்டியில் தோற்று சீர்காழிக்குத் திரும்பிய பூவிழி, மாடியில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்த மாமியார் அம்சத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பேங்க் வேலை, செஸ்ஸுன்னு ரெண்டையும் இழுத்துக்கிட்டுப் போக முடியல அத்தை. ஒண்ணை விட்டுட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணினே. ஓடி ஓடித் துரும்பா இளைச்சுட்டே. இனியாவது நிம்மதியா இரு.”

அத்தை தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று பூவிழி நினைத்தாள். ‘மருமக பேங்க்ல இருக்கா’ என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்பவர் அவர்.

“அத்தை, நான் விட்டது செஸ்ஸை இல்ல. பேங்க் வேலையை.”

“தெரியுது. செஸ்ஸை விட்டிருந்தா அழுதுக்கிட்டுல்ல வந்திருப்பே?”

பூவிழி அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தைப் பரப்பத் தொடங்கினாள்.

“சரி, அடுத்த போட்டி எந்த ஊர்லம்மா?” என்றார் அம்சம்.