செவலை திரும்பி வந்த வீடு

வேலாயுதம் வீட்டில் பத்து வருஷம் இருந்த நாய் செவலை. வயதாகி உடம்பெல்லாம் சொறி பிடித்ததும், அவர் அதை வண்டியில் ஏற்றிப்போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

நான்காம் நாள் காலை, செவலை நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. வாசல் கேட்டுக்கு உள்ளே வேறொரு நாய் நின்றது.

"நீ யார்?" என்று கேட்டது புது நாய்.

"இந்த வீட்டு நாய்தான். ஐயா என்னை வழியில் தொலைத்துவிட்டார். பாவம், எங்கெல்லாம் தேடினாரோ!"

"தேடவில்லையே. மறுநாளே என்னைக் கூட்டி வந்துவிட்டாரே."

செவலை கேட்டின் இடுக்கு வழியே வீட்டை ஒருமுறை பார்த்தது. பிறகு, "அம்மாவுக்கு மூட்டுவலி, மேலே தாவிவிடாதே. இடி இடித்தால் பாப்பா பயப்படுவாள், பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்" என்றது.

உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா வருகிறார். என்னைப் பார்த்துக் குரை."

"உன்னையா? எதற்கு?"

"சும்மா நின்றால் உன்னையும் வைத்துக்கொள்ள மாட்டார். குரை!"

புது நாய் குரைத்தது. வெளியே வந்த வேலாயுதம் செவலையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு புது நாயின் தலையைத் தடவினார். "அப்படித்தான்டா, விடாதே, விரட்டு!" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும், தெருவில் நின்ற செவலையின் வால் தானாக ஆடியது.